தம்மவர் கையைப் பற்றுதல்

ஸஹீஹுல் புகாரியில் அநீதிகளைப் பற்றிய பகுதியை ஓதிக்கொடுக்கும்போது, ஓரிடத்தில் மாணவர்கள் கித்தாபிலிருந்து தலையை நிமிர்த்துவதை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகிறோம். சகோதரன் அநீதிக்கு ஆளானபோது மட்டுமன்று, அவனே அநீதி இழைக்கும்போதும் அவனுக்கு உதவ வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அங்கே வருகிறது. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் அச்செய்தியைக் கேட்ட தோழர்களும் திகைத்தே போனார்கள். அநீதிக்கு ஆளானவனுக்கு உதவலாம். இழைப்பவனுக்கு உதவுவது எங்ஙனம் என்று வினவினார்கள். அவன் கைகளைப் பற்றித் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது அதற்கு விடையாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விடத்தில் ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத்! கையைப் பிடிக்கப் போனவனையே அவனுடைய கூட்டத்தார் துரோகி என்று ஒதுக்கிவிட்டால் அவன் என்ன செய்வான்?” என்று கேட்டார். அன்று நாம் சொன்னது கித்தாபில் உள்ள விடை. அது அவருக்கு நிறைவு தரவில்லை என்பதை அவர் அமர்ந்த விதமே காட்டிற்று. அந்த விடை நம்மீது ஒரு கடனாகவே நின்றுவிட்டது. இக்கட்டுரை அக்கடனைத் தீர்க்கும் முயற்சியாகும்.

ஆயுதச் சண்டையால் பிளவுண்ட மக்களிடையே பேச்சின் மூலம் நிலையான அமைதியைக் காண இயலுமா என்பது இன்றைய உலகின் பெருங்கேள்வி. பேச்சுவார்த்தை என்றதும் நம்மில் பெரும்பாலோர் எதிரியோடு ஒரே பாயில் அமர்வதையே எண்ணுகிறோம். அதனாலேயே, மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய்க் கொன்றவன் கூட்டத்தோடு பேசு என்பது நீதியாகுமா என்ற ஐயமும் எழுகிறது. நியாயமான ஐயந்தான். ஆனால் எதிரியோடு பேசுவது இரண்டாவது பேச்சு. முதற்பேச்சு தம்மவரோடு பேசுவது என்பது நம் கருத்து. முதலாவது நிகழாத இடத்தில் இரண்டாவது வெறும் சடங்காய் முடியும்.

இரு மொழிகளில் ஒரு பாடம்

அரபு இலக்கியம் பயின்றோர் ஸுஹைர் இப்னு அபீ ஸுல்மாவை அறிவர். முஅல்லகாத் என்னும் புகழ்பெற்ற கவிதைகளுள் ஒன்று அவருடையது. தாஹிஸ், கப்ரா என்னும் இரு குதிரைகளின் பந்தயத்தில் மூண்ட பூசலால் அப்ஸ், துப்யான் என்னும் உறவுக் குலங்கள் ஒன்றையொன்று வெட்டி மடிந்தன. நாற்பதாண்டு நீடித்தது என மரபு கூறும் அப்போரை முடித்துவைத்த ஹரிம் இப்னு ஸினான், ஹாரிஸ் இப்னு அவ்ஃப் என்னும் இருவரையே அக்கவிதை போற்றுகிறது. அவர்கள் துப்யானின் முர்ரா கிளையினர். கொலைகளில் தமக்குப் பங்கில்லாதிருந்தும் மாண்டோருக்கான இரத்தப் பணத்தைத் தம் சொந்த ஒட்டகங்களிலிருந்து கொடுக்க முன்வந்தவர்கள்.

உடன்பாடு ஏற்பட்ட வேளையில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது. அதே துப்யானைச் சேர்ந்த ஹுஸைன் இப்னு ளம்ளம் என்பவர், தம் சகோதரனைக் கொன்றதற்குப் பழியாக அப்ஸ் குலத்தான் ஒருவனை வெட்டிச் சாய்த்தார். அப்ஸ் குலத்தார் கொதித்தெழுந்து புறப்பட்டனர். ஹாரிஸ் தம்மவன் செயலுக்கு நியாயம் கற்பித்தாரா? இல்லை. நூறு ஒட்டகங்களோடு தம் மகனையும் அனுப்பிவைத்து, ஒட்டகம் வேண்டுமா, உயிர் வேண்டுமா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லியனுப்பினார். அவர்கள் ஒட்டகங்களை ஏற்றனர். சமாதானம் பிழைத்தது என்று உரையாசிரியர்கள் எழுதுகின்றனர்.

நம் தமிழும் இதனை அறியாததன்று. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டிருக்க, நலங்கிள்ளி அதனை முற்றியிருந்தான். இருவரும் சோழரே. எதிரே நிற்பவன் சேரனுக்குரிய பனம்பூவைச் சூடியவனும் அல்லன், பாண்டியனுக்குரிய வேம்பைச் சூடியவனும் அல்லன். உங்கள் இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்பது கோவூர்கிழார் அவர்களிடம் எடுத்துரைத்த வாதத்தின் சாரம். புறநானூற்றின் 45-ஆம் பாட்டு அது.

கோவூர்கிழார் சண்டை ஏன் கூடாது என்பதற்குக் காரணம் காட்டினார். சண்டையை நிறுத்தும் வழியை ஹாரிஸ் காட்டினார். தம்மவன் குற்றத்தைத் தம் தலைமேல் சுமந்துகொள்வதே அவ்வழி. காரணத்தை ஏற்பது எளிது. வழியில் நடப்பதுதான் அரிது. கூட்டப்பற்றாகிய அஸபிய்யத்தே அரசுகளை எழுப்பும் ஆற்றல் என்று இப்னு கல்தூன் (1332-1406) எழுதினார். அந்த ஆற்றலே தன் கூட்டத்தான் கையிலிருக்கும் கத்தியைக் காணவொட்டாமல் கண்ணை மறைக்கவும் வல்லது.

வாஜிர் மாதர்

இவை பழங்கதைகள், இக்காலத்துக்கு ஒவ்வுமா என்று வாசகர்கள் கேட்கலாம். நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றையே காண்போம்.

கென்யா நாட்டின் வடகிழக்கில் எத்தியோப்பியாவுக்கும் சோமாலியாவுக்கும் அருகே வாஜிர் என்னும் வறண்ட நிலப்பகுதி இருக்கிறது. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் சோமாலி முஸ்லிம்கள். ஒட்டகமும் ஆடுமாடும் அவர்தம் செல்வம். கிணறும் மேய்ச்சல் நிலமும் அவர்தம் உயிர். தெகோதியா, அஜுரான், ஒகாதேன் என்பன அங்குள்ள பெருங்குலங்கள். ஒரே மார்க்கம், ஒரே மொழி, ஒரே கிப்லா. ஆயினும் குலத்தால் வேறானவர்கள். 1963-இல் கென்யா விடுதலை பெற்ற காலத்தில் மூண்ட கிளர்ச்சியை ஒட்டி விதிக்கப்பட்ட அவசரநிலை 1991 வரை அப்பகுதியை விட்டு அகலவில்லை. அதே 1991-இல் சோமாலியாவில் சியாத் பர்ரேயின் ஆட்சியும் எத்தியோப்பியாவில் மெங்கிஸ்துவின் ஆட்சியும் வீழ்ந்தன. கலைந்த படைகளின் துப்பாக்கிகள் எல்லை கடந்து வந்தன. வறட்சி கால்நடைகளை அழித்தது. 1992-ஆம் ஆண்டுத் தேர்தல் எக்குலத்துக்கு எத்தனை ஆள் என்ற கணக்கைக் கிளப்பிற்று. பசி, துப்பாக்கி, வாக்கு ஆகிய மூன்றும் ஒருங்கே கூடினால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. கால்நடைக் கொள்ளை கொலையாயிற்று, கொலை பழியாயிற்று, பழி குலப்போராயிற்று.

அவ்வூர்ப் பெண்களுள் ஒருவர் தெக்கா இப்ராஹிம் அப்தி. 1964-இல் பிறந்தவர். 1993-இல் ஓரிரவு வேட்டுச் சத்தம் கேட்டுத் தம் குழந்தையுடன் கட்டிலின் அடியில் பதுங்கினார். விடிந்ததும் அவருடைய தாயார், நீ குழந்தையாய் இருந்தபோது உன்னையும் நான் இவ்வாறே கட்டிலின் அடியில் ஒளித்துக் காத்தேன் என்று நினைவுகூர்ந்தாராம். ஒரு தலைமுறை கடந்தும் கட்டிலின் அடிதான் புகலிடமா என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை.

அதற்கு முன்னரே, பல குலத்துப் பெண்களும் கூடிய ஒரு திருமண வீட்டில் பேச்சு பிறந்திருந்தது. பெண்கள் மணவீட்டில் ஒன்றாய் அமர முடிகிறது; ஆண்கள் வெளியே ஒருவரையொருவர் கொல்கிறார்களே என்பதே அப்பேச்சு. சில பெண்கள் அதனை அத்துடன் விடாமல் தொடர்ந்து கூடினர். அவ்வாறு கூடிய தொடக்க நாட்களில் தெக்கா ஒரு கேள்வியை வைத்தார். என் குலத்தார் உம் உறவினரைக் கொன்றுவிட்டால் அப்போதும் நீர் என்னோடு சேர்ந்து அமைதிக்காக உழைப்பீரா? ஆம் என்று சொல்ல இயலாதவர் இதில் சேர வேண்டியதில்லை. இதுவே அவர் கேட்டதன் கருத்து.

இக்கேள்வியின் அமைப்பை வாசகர்கள் உற்று நோக்க வேண்டுகிறோம். உம் குலத்தார் என்னவரைக் கொன்றால் நான் பொறுத்துக்கொள்வேன் என்று அவர் தம் பெருந்தன்மையை முன்வைக்கவில்லை. கொல்லப்போவது தம் குலமாயிருக்கலாம் என்பதை முதல் வார்த்தையிலேயே ஒப்புக்கொண்டு பேசுகிறார். தம்மவர் குற்றம் புரியக்கூடியவர் என்று எதிரே இருப்பவர் முன் ஒப்புக்கொள்வதைக் காட்டிலும் கடினமான சொல் சண்டைக் காலத்தில் வேறுண்டோ?

அப்பெண்கள் சந்தையிலிருந்து தொடங்கினர். ஒரு குலத்துப் பெண் மற்றொரு குலத்துப் பெண்ணுக்கு விற்பதில்லை, அவளிடம் வாங்குவதும் இல்லை என்ற நிலை அங்கே வந்திருந்தது. எக்குலத்தவளாயினும் அச்சமின்றி வந்து விற்கவும் வாங்கவும் சந்தை திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அன்றாடம் அதனைக் கண்காணிக்கக் குழு ஒன்றை அமைத்தனர். பூசல் எழுந்தால் அவரவர் குலத்துப் பெண்களை அவரவரே அடக்கினர். பின்னர் அவர்கள் குலப் பெரியவர்களை நாடினர். சோமாலிகளின் ஆடவர் சபையில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் ஒரு பெண் ஒரு குலத்தின் மகளாகவும் மற்றொரு குலத்தின் தாயாகவும் இருப்பது அங்கே மிகுதி. போரில் எவன் விழுந்தாலும் அவளுக்கு அவன் சகோதரனாகவோ மகனாகவோ கணவனாகவோ இருப்பான். அந்த இருபக்கத் துயரமே அவர்களுக்கு இருபக்கமும் பேசும் தகுதியைத் தந்தது எனலாம்.

பெரியவர்கள் கூடியபோது பேச்சை வழிநடத்தும் பொறுப்பு மிகச் சிறிய குலத்தைச் சேர்ந்த முதியவருக்குக் கொடுக்கப்பட்டது. எண்ணிக்கையில் பெரியவர் எளியவருக்குக் கீழே அமர்ந்து செவிகொடுத்தனர். 1993-இல் வெளியிடப்பட்ட அல் ஃபத்தாஹ் பிரகடனம் குலங்களிடையே அமைதி திரும்புவதற்கும், பின்னர் அவை ஒன்றோடொன்று நடந்துகொள்வதற்கும் விதிகளை வகுத்தது. இளைஞர்களும் அமைதிக்கென ஒரு குழு கண்டனர். 1995-இல் இம்முயற்சிகள் யாவும் வாஜிர் அமைதி, வளர்ச்சிக் குழு என ஒன்றாகி மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்தன. எங்கேனும் சச்சரவு என்று செய்தி வந்தால் பெரியவர்களும் பெண்களும் உலமாக்களும் அதிகாரிகளும் கொண்ட குழு அவ்விடத்துக்கு விரையும்.

ஒட்டகக் கயிறும் அறிவும்

இங்கே ஃபிக்ஹு நூல்களில் வரும் ஒரு சொல்லை நினைவுகூரலாம். தவறுதலாக நேர்ந்த கொலைக்குரிய இரத்தப் பணத்தைக் கொன்றவன் தனித்துச் செலுத்துவதில்லை. அவனுடைய உறவுக் கூட்டத்தார் சேர்ந்து செலுத்துகின்றனர். அவர்களுக்கு ‘ஆகிலா’ என்பது பெயர். அரபியில் ‘அகல’ என்றால் கட்டினான் என்று பொருள். ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிறு ‘இகால்’. ஈட்டுத் தொகையாகிய ஒட்டகங்களை மாண்டவன் வாரிசுகளின் முற்றத்தில் கொண்டுபோய்க் கட்டுவதால் அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். தம்மவன் தீமை செய்யாமல் தடுக்கும் கடமை உடையவர்கள் ஆதலால் அப்பெயர் வந்தது என்பர் மற்றொரு சாரார். அறிவைக் குறிக்கும் ‘அக்ல்’ என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். மனிதனைத் தீமையிலிருந்து கட்டி நிறுத்துவதே அறிவு அன்றோ!

வேண்டுமென்று செய்த கொலையின் பொறுப்பை ஆகிலாவின்மீது சுமத்துவதில்லை என்பது ஃபிக்ஹின் நிலை. சோமாலிகளின் வழக்காறாகிய ‘ஹேர்’ அவ்விதம் பிரிப்பதில்லை. எக்கொலையாயினும் ‘மக்’ எனப்படும் ஈட்டைக் கொன்றவனின் கூட்டமே சுமக்கிறது. குற்றவாளி கூட்டத்தின் பின்னே ஒளிந்துகொள்ளவும், மாண்டவனின் விதவைக்கு உரியது ஆண்களின் கைகளிலேயே தங்கிவிடவும் இதனால் வழி ஏற்படுகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அதனுள் ஒரு நன்மையும் உண்டு. தம்மவன் ஒருவன் துப்பாக்கி எடுத்தால் தம் தொழுவத்து ஒட்டகம் போகும் என்று அறிந்தவன், அவன் கையைப் பற்றாமல் இருக்கமாட்டான்.

ஒரு வலுவான மறுப்பு

இங்கே ஒரு மறுப்பு எழும். இரு தரப்பும் தம்மவரைத் தடுக்க வேண்டும் என்கிறீர். இருவர் குற்றமும் சமமா? துப்பாக்கி ஒருவனிடமும் காயம் மற்றவனிடமும் இருக்கையில், காயம்பட்டவனைப் பார்த்து உன் குறையையும் எண்ணிப்பார் என்பது கொடுமையிற் கொடுமையன்றோ?

ஆம், கொடுமைதான். அதற்குச் சான்றும் வாஜிரிலேயே இருக்கிறது. 1984 பிப்ரவரியில் கென்ய இராணுவத்தினர் தெகோதியா குல ஆடவர்களைத் திரட்டி வகல்லா விமானத் திடலில் அடைத்துவைத்துக் கொன்றார்கள். அரசு முதலில் சொன்ன எண்ணிக்கை 57. 2000-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது 380. உண்மை, நீதி, நல்லிணக்க ஆணையம் 2013-இல் அளித்த அறிக்கையோ மாண்டோர் ஏறக்குறைய ஆயிரம் பேர் எனக் கருதியது. அந்த விதவைகளிடம் போய் உங்களவரைத் தடுங்கள் என்று எவன் சொல்வான்? அங்கே தன் கையைத் தானே பற்ற வேண்டியிருந்தது அரசு. அது பற்றவில்லை, நெடுங்காலம் வாயும் திறக்கவில்லை. 2015 மார்ச்சில்தான் நாட்டின் அதிபர் கடந்த கால அநீதிகளுக்காக மன்னிப்புக் கேட்டார். குலத்தோடு குலத்தைப் பேசவைத்த பெண்களாலும் முதியவர்களாலும் அரசைத் தம் பாயில் அமர்த்த முடியவில்லை. பேச்சின் எல்லையை இது காட்டுகிறது.

ஆகவே தம்மவரைத் தடுக்கும் கடமை எல்லோர்க்கும் உண்டு; ஆனால் சம அளவில் இல்லை. வலிமை எவ்வளவோ கடமையும் அவ்வளவு. படையுடையவன் முதலில் பேச வேண்டும். பெருங்கூட்டம் முதலில் இறங்க வேண்டும். சிறிய குலத்து முதியவரை முன்னிறுத்திய வாஜிர் மக்கள் இந்நுட்பத்தைச் செயலில் காட்டினர். மேலும், சமரசம் என்பது நீதியைப் புதைப்பதும் அன்று. போரிடும் இரு கூட்டத்தாரிடையே சமாதானம் செய்யுமாறு பணிக்கும் சூரத்துல் ஹுஜுராத், வரம்பு மீறும் கூட்டத்தை எதிர்க்கவும், அது திருந்தி வந்தபின் நீதியோடு இணக்கம் செய்யவும் சேர்த்தே பணிக்கிறது. நீதி இல்லாத இணக்கம் புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போன்றது.

நிலையான அமைதி எது?

நிலையான அமைதி என்றால் ஒருமுறை கட்டி முடித்துவிட்டு நாம் போய்விடக் கூடிய மாளிகை என்று எண்ணுகிறோம். வாஜிர் அவ்வாறு சொல்லவில்லை. அங்கே தெளிந்த அனுபவத்தைக் கொண்டு தெக்கா பிற நாடுகளிலும் சமாதானப் பணி புரிந்தார். 2007-இல் ரைட் லைவ்லிஹுட் விருது பெற்றார். 2011-இல் சாலை விபத்துக்கு ஆளாகி இறையடி சேர்ந்தார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருக்குப் பின்னரும் சண்டை திரும்பவே செய்தது. 2010-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி 2013-இல் மாவட்ட ஆட்சிகள் புதிய அதிகாரமும் பணமும் பெற்றபோது, பதவிப் போட்டி பழைய குலக் கணக்கை மீண்டும் எழுப்பிற்று. 2014-இல் வாஜிர், மந்தேரா எல்லையில் தெகோதியாவும் கர்ரே குலமும் மோதிப் பலர் மாண்டனர், பல்லாயிரவர் வீடிழந்தனர்.

அப்படியானால் அந்த முயற்சி வீணா? வீணன்று. அமைதி மாளிகை அன்று, அது கிணறு. வறண்ட நிலத்துக் கிணற்றை ஒருமுறை தோண்டினால் போதாது. மணல் சரியும், ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். தூர்வாராத ஆண்டில் நீர் இல்லாமற் போவது, தோண்டியவன் குற்றம் ஆகாது. இறங்கித் தூர்வார மறந்தவர்கள் குற்றமே ஆகும்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். தம்மவர் கையைப் பற்றியவன் துரோகி எனப்படுவானே, என்ன செய்வது? வாஜிர் மாதர் தரும் விடை இது. தனித்துப் பற்றினால் அவன் துரோகிதான். அவன் குரல் அன்றோடு அடங்கிவிடும். ஆனால் எதிர்த்தரப்பிலும் ஒருவன் அதே நேரத்தில் தன்னவன் கையைப் பற்றுகிறான் என்று தெரியுமாயின், இருவரும் சமாதானம் செய்வோர் ஆகிவிடுகின்றனர். எதிரியோடு பேசுவது இதற்காகவே. அவனைக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக அன்று. நாம் தனித்து நிற்கவில்லை என்று ஒருவர்க்கொருவர் உறுதி கூறிக்கொள்வதற்காக. முதற்பேச்சுக்கு வேண்டிய துணிவை இரண்டாம் பேச்சு தருகிறது. தெக்கா கேட்ட கேள்விக்கு ஆம் என்று சொன்ன பெண், அந்த ஒரு சொல்லால் தெக்காவுக்குத் தந்தது அத்துணிவைத்தான்.

இதை எழுதும் நாம் குற்றமற்றவர் அல்லோம். நம் இளமையில், அடக்கத்தலத்து எல்லை குறித்து நம் ஊரில் இரு தெருவார் பிணங்கினர். ஆயுதம் ஏந்திய போர் அன்று; கம்பும் கல்லுந்தான். பஞ்சாயத்தில் ஓதியவர் என்ற முறையில் நம்மைப் பேசச் சொன்னார்கள். சமாதானத்தின் சிறப்பைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். ஆனால் முதற்கல்லை எறிந்தவர் நம் உறவினர் என்பதை அறிந்திருந்தும் அதை மட்டும் சொல்லவில்லை. எதிர்த்தெருவாரும் அறிந்தே இருந்தனர். ஆகையால் நம் பேச்சு அவர்கள் செவியில் ஏறவில்லை. பதினோராண்டுகள் அவர்கள் வீட்டு ஜனாஸாவுக்கு நாம் போகவில்லை, நம் வீட்டு ஜனாஸாவுக்கு அவர்கள் வரவில்லை. அன்று நாம் ஒரேயொரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும்.

மாணவரே! நீர் கேட்ட அன்று கித்தாபிலிருந்து விடை சொன்னோம். நம் வாழ்விலிருந்து சொல்ல வேண்டிய விடையைச் சொல்ல வெட்கப்பட்டோம். இப்போது சொல்லிவிட்டோம். உம்மவன் கை ஓங்கும் நாள் உமக்கும் வரலாம். அன்று எதிரியின் கையை எண்ணிக் கொண்டிராமல், அருகிலிருக்கும் கையை முதலில் பற்றும் துணிவை அல்லாஹ் உமக்கும் நமக்கும் அருள்வானாக. ஆமீன்.